டீச்சரின் தொண்டைக்கும் கோடை விடுமுறை

"மார்ச்சில் தொண்டை கட்டுகிறது, மே மாதம் தானாகச் சரியாகிறது, பள்ளி திறந்த இரண்டே வாரத்தில் மறுபடி கரகரப்பு. விடுமுறையில் அப்படி என்னதான் நடக்கிறது?" தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரின் கேள்வி இது.

நுரையீரல் காற்று குரல்வளையில் உள்ள இரண்டு குரல் நாண்களை அதிரவைக்கிறது, குரல் பிறக்கிறது. இது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் 'நாண்' என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. வீணைத் தந்தி போல அங்கே எதுவும் இல்லை, இருப்பவை இரண்டு சதை மடிப்புகள். அவை அடுக்கடுக்காக அமைந்திருப்பதை 1970களில் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ விளக்கினார். அடியில் தசை, மேலே மெல்லிய சவ்வு, நடுவில் நுங்கு போலத் தளதளவென்று ஓர் அடுக்கு. நாம் பேசும்போது அந்த நுங்கின் மேல் சவ்வு கீழிருந்து மேலாக அலையலையாய்ப் புரள்கிறது. என்ன அழகான ஏற்பாடு!

பெண் குரல் என்றால் நொடிக்குச் சுமார் 200 அதிர்வு. ஒவ்வோர் அதிர்விலும் இரண்டு மடிப்பும் மோதிக்கொள்கின்றன. ஒரு பீரியடில் 20 நிமிடம் பேசினாலே 2,40,000 மோதல். ஐந்து பீரியடுக்கு 12 லட்சம். அத்தனை முறை கை தட்டினால் உள்ளங்கை என்ன ஆகும்?

அதேதான் அங்கேயும். நுங்கு அடுக்கில் நீர் கோத்து வீங்குகிறது. கனத்துப்போன மடிப்பு சீராகப் புரளாது, சரியாக மூடாது. இடைவெளியில் காற்று கசிகிறது. அதுதான் கரகரப்பு. குரல் எடுபடவில்லையே என்று இன்னும் அழுத்திப் பேசுவோம், அடி இன்னும் பலமாக விழும். மாதக்கணக்கில் இப்படியே போனால், மோதல் பலமாக விழும் நடுப்பகுதியில், கடப்பாரை பிடித்த கை போல, இரு பக்கமும் காய்த்துவிடும்.

பேச்சு குறைந்ததும் முதலில் வீக்கம் வடிகிறது. அப்புறம்தான் சேதமான திசுவை உடல் நிதானமாகப் புதுப்பிக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போதாது, மே மாதம் போதும். அந்த மே மாதத்திலும் பயிற்சி வகுப்பு, கணக்கெடுப்பு என்று ஆசிரியர்களைக் கூப்பிடுபவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

மிளகுப் பால், தேன் எல்லாம் தொண்டைக்கு இதம்தான். ஆனால் அவை குரல் நாணைத் தொடுவதில்லை, தொட்டால் புரையேறிவிடும். குடிக்கும் தண்ணீரும் ரத்தம் வழியாகத்தான் அங்கே போகிறது. கிசுகிசுப்பது ஓய்வு என்று நினைக்காதீர்கள், பலருக்கு அதுவே குரல்வளையை இறுக்கிவிடும். மெதுவாக, சாதாரணக் குரலில் பேசுங்கள். ஒலிபெருக்கி அலறும் கல்யாண மண்டபத்தில் கதை பேசுவதைத் தள்ளிப்போடுங்கள்.

சரி, ஜூனில் ஏன் திரும்பி வருகிறது? இரைச்சலில் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லோம்பார்டு 1911இல் சொன்ன விளைவு இது. வகுப்பின் சத்தம் போன வருஷத்து அளவிலேயே இருக்கிறது, உங்கள் தொண்டை பலவீனம் இல்லை. ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறார்கள், சட்டையில் குத்தும் ஒரு சின்ன மைக் வாங்கித் தர யாருக்கும் தோன்றவில்லை.

விடுமுறையிலும் கரகரப்பு மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், டீச்சர்.