பேய் ஏன் தரைக்குள் விழுவதில்லை?

சுயம்வர மண்டபத்தில் மாலையோடு நிற்கிறாள் தமயந்தி. எதிரே ஐந்து நளன்கள். ஒருவன்தான் அசல், மற்ற நால்வரும் அவன் உருவில் வந்த தேவர்கள். முகம், உயரம், உடை எதிலும் வேறுபாடு இல்லை. ஆனால் நால்வரின் கண்கள் இமைக்கவில்லை, பாதங்கள் தரையில் படவில்லை, கழுத்து மாலைகள் வாடவில்லை. இமைத்தவன் கழுத்தில் மாலையைப் போட்டாள். தேவர்களுக்கு ‘இமையவர்’ என்றே ஒரு பெயர் தமிழில் உண்டு.

கற்பனைக்கு அணை போட யாரும் இல்லாதபோதும், தெய்வத்தையும் மனிதனையும் பிரிக்க இந்தக் கதைக்கு ஓர் இமைப்பு போதுமாக இருக்கிறது. உலகின் மற்ற கதைகளிலும் இதே சிக்கனம்தான். கடற்கன்னிக்கு இடுப்புக்குக் கீழே மீன். காதலும் கோபமும் நம்முடையவை. பேய் சுவரை ஊடுருவி வரும். ஆனால் தரைக்குள் நழுவி விழாது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாததில்தான் விஷயம் இருக்கிறது.

2015இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஐமி ஸ்டாலும் லிசா ஃபைகன்சனும் 11 மாதக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சில குழந்தைகள் கண்டது, சுவரை ஊடுருவிப் போனதாகத் தோன்றிய பொம்மைக் கார். வேறு சில குழந்தைகள் கண்டது, மேடை விளிம்பைத் தாண்டியும் விழாமல் அந்தரத்தில் நின்ற கார். பிறகு அந்தக் காரைக் கையில் கொடுத்தார்கள். சுவரை ஊடுருவிய காரைக் குழந்தைகள் மேசையில் தட்டிப் பார்த்தன. மிதந்த காரைக் கீழே போட்டுப் பார்த்தன. கெட்டியா என்று ஒரு சோதனை, விழுமா என்று ஒரு சோதனை! பேச்சே வராத வயதில், உலகம் நடக்க வேண்டிய விதம் பற்றி ஒரு கணக்கு உள்ளே ஓடுகிறது. அந்தக் கணக்கு பிசகிய இடத்தில் கவனம் போய் ஒட்டிக்கொள்கிறது.

பிரெஞ்சு மானிடவியலாளர் பாஸ்கல் போயர் பேய், தெய்வக் கதைகளை இந்த வழியில்தான் விளக்கினார். பொருள், செடி, விலங்கு, மனிதர் என்று மனத்தில் சில அச்சுகள் உள்ளன. ‘மனிதர்’ என்றதும் உடல், பசி, நினைவு, ஆசை எல்லாம் சொல்லாமலே நிரம்பிவிடும். அந்த அச்சில் ஒரே ஒரு விதியை உடைத்தால் புதுமை கிடைக்கிறது. மீதி தானாக நிரம்புவதால் கதை நினைவிலும் நிற்கிறது. பேயைத் தரை தாங்குவது இப்படித்தான். கதைசொல்லி சொல்லாததைக் கேட்பவரின் மனம் பழைய வழக்கப்படியே போட்டுக்கொள்கிறது. அளவு மீறினால் இது நடக்காது. இரும்பு உடலோடு, முதுமையிலிருந்து குழந்தைப் பருவத்துக்கு வளர்ந்து, பத்து ஊரில் ஒரே சமயத்தில் வாழ்ந்து, செவ்வாய்க்கிழமை மட்டும் இருக்கும் ஒரு பூதத்தைச் சொல்லிப் பாருங்கள். அடுத்தவரிடம் போவதற்குள் பாதி உதிர்ந்துவிடும்.

இதற்குச் சான்றும் உண்டு. 2006இல் உளவியலாளர் அரா நொரென்சாயனும் உடன் ஆய்வாளர்களும் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் புகழ்பெற்றவற்றையும் மறக்கப்பட்டவற்றையும் ஒப்பிட்டார்கள். புகழ்பெற்றவற்றில் பெரும்பாலும் இரண்டோ மூன்றோ விதிமீறல்கள்தான் இருந்தன.

ஆனால் விதியை உடைப்பது மட்டுமே போதும் என்றால், நிறம் மாறும் கல்லுக்கும் நாம் நடுங்க வேண்டும். நடுங்குவதில்லை. நம்மைப் பிடித்து வைப்பது, நம்மைக் கவனிக்கும் ஒரு மனம். கடற்கரை மணலின் எண்ணிக்கையை அறிந்த ஆவி யாருக்கு வேண்டும்? நேற்று இரவு நீங்கள் செய்ததை அறிந்த ஆவி என்றால் பேச்சு வேறு. மனத்தை இல்லாத இடத்திலும் காண்பதில் நாம் கைதேர்ந்தவர்கள். 1944இல் உளவியலாளர்கள் ஃபிரிட்ஸ் ஹைடரும் மரியான் சிம்மலும் இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் நகரும் சிறு படத்தை 34 மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரே ஒருவர் அதை வடிவங்களின் நகர்வாக விவரித்தார். மற்றவர்களுக்கு அது சண்டையும் துரத்தலுமாகத் தெரிந்தது. மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மிரளாதவனுக்கே முக்கோணம் முரடனாகத் தெரிகிறதே!

சில வேளைகளில் உடலே ஆளை அனுப்பிவைக்கிறது. கனவு வரும் உறக்கத்தில், நாம் கைகால் வீசிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் கண் திறந்திருக்கும்; விரல் அசையாது; நெஞ்சில் பாரம். அறையில் யாரோ இருப்பது உறுதியாகத் தோன்றும். தமிழில் இது அமுக்குவான் பேய், ஜப்பானில் கனாஷிபாரி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் நெஞ்சில் ஏறி உட்காரும் கிழவி. உடல் தருவது பாரமும் அச்சமும்தான். அதற்கு முகம் வரைவது ஊர்க்கதை. இந்தப் பேய்க்கு எடை இருப்பதைக் கவனித்தீர்களா? நம்மைப் போலவே, உட்கார்ந்தால் அழுத்துகிறது.

ஜெர்மனியின் ஹோலன்ஷ்டைன்-ஷ்டாடல் குகையில் 1939இல் கிடைத்த மாமத யானைத் தந்தத் துண்டுகளைப் பின்னாளில் ஒட்டிப் பார்த்தபோது, சுமார் 31 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் உருவம் எழுந்து நின்றது. வயது ஏறத்தாழ 40,000 ஆண்டு. தலை சிங்கத்துடையது. கால்களோ மனிதரைப் போல நேராக நிற்கின்றன. மேற்பரப்பில் தேய்மானம் தெரிகிறது. கைக்குக் கை மாறித் தடவப்பட்டதால் வந்தது அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.