முந்திரிகை காய்க்கும் மண்ணில் ராஸ்பெரி ஏன் காய்க்காது?

ஆடி, ஆவணி வந்தால் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆக்களின் பின்வளவில் ராஸ்பெரி பழுக்கும். அடுத்த நாளே அந்தக் கிண்ணம் வாட்ஸ்அப்பில் கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் வந்துவிடும். பதிலும் உடனே போகும்: "வரேக்க ஒரு கன்று கொண்டு வாவன், கிணற்றடியில வைச்சுப் பாப்பம்."

கிணற்றடியில் வைத்த கன்று செத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இலை விடும், தடி எழும்பும், முள்ளும் குத்தும். பழம்தான் வராது. ராஸ்பெரி, பிளாக்பெரி வர்க்கங்களை ஒப்பிடுகிற தோட்டக் கையேடுகள் இனிப்பையும் நிறத்தையும் முள்ளையும் வைத்துத்தான் பேசும். அவை குளிர்நாட்டு வாசகருக்கு எழுதப்பட்டவை. யாழ்ப்பாணத்தில் கன்று தேடுகிறவர் முதலில் கேட்கவேண்டியவை இரண்டுதான்: இந்த வர்க்கம் எத்தனையாம் வருடத்துத் தடியில் காய்க்கிறது? அதற்கு எவ்வளவு குளிர் வேண்டும்?

அதற்கு முதல், பழத்தை ஒருதரம் கிட்ட வைத்துப் பார்ப்போம். ராஸ்பெரி, பிளாக்பெரி இரண்டும் ரோசாவின் குடும்பத்தில் ரூபஸ் என்ற சாதியைச் சேர்ந்தவை. நிறத்தை நம்பி இனம் பிரிக்க வெளிக்கிட்டால் ஏமாறவேண்டி வரும். கறுப்பு ராஸ்பெரி இருக்கிறது, மஞ்சள் ராஸ்பெரி இருக்கிறது. முற்றாத பிளாக்பெரியும் சிவப்புத்தான். பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ராஸ்பெரி நடு கோறையாகக் கழன்று கையில் வரும். காம்பில் ஒரு வெள்ளைக் கூம்பு மிஞ்சும். அந்தக் கூம்புதான் பூவின் ஏந்தி. பிளாக்பெரியில் ஏந்தியும் பழத்தோடு சேர்ந்து முறிந்து வரும். கடிக்கும்போது நடுவில் தட்டுப்படுகிற வெளிறிய கட்டி அதுவே. நடுவில் ஒன்றும் இல்லாததால்தான் ராஸ்பெரி இவ்வளவு கெதியில் நசிந்து தண்ணீராகிறது.

இரண்டும் திரள்கனிகள். ஒரே பூவுக்குள் பல பத்துச் சூலகங்கள் இருந்து, ஒவ்வொன்றும் ஒரு மணியாகத் திரள்கிறது. எங்கள் அன்னமுன்னாவும் இப்படித்தான் உண்டாகிறது. அதில் மணிகள் ஒட்டி ஒரே சதையாகிவிடுகின்றன. ராஸ்பெரி மணிகள் ஒட்டுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித் தோல், தனிச் சதை, உள்ளே தனிக் கொட்டை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய மயிர்கள் சிக்கிக்கொள்வதால்தான் அவை சேர்ந்து நிற்கின்றன. ஒரு மணி திரள ஒரு கருக்கட்டல் நடந்தாகவேண்டும். தேனீ வராவிட்டாலோ, வெக்கையில் மகரந்தம் பழுதாகிப்போனாலோ, மணிகளில் பாதிதான் பெருக்கும். மிச்சம் வெறும் புள்ளியாக நிற்கும். அந்தப் பழத்தைத் தொட்டாலே உதிரும்.

இனித் தடிக்கு வருவோம். ரூபஸ் செடியின் வேர் பல வருடம் இருக்கும். ஆனால் நிலத்துக்கு மேலே எழும்புகிற ஒவ்வொரு தடிக்கும் ஆயுள் இரண்டு வருடம்தான். பழைய வர்க்கங்களில் முதல் வருடத் தடி இலையை மட்டும் விடும். குளிர்காலம் முழுக்க உறங்கி எழும்பி, இரண்டாம் வருடத்தில் பூத்துக் காய்த்துப் பட்டுப்போகும். ஸ்கொத்லாந்தின் 'கிளென் அம்பிள்', கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வந்த 'டுலமீன்' ஆகிய பேர்போன கோடை ராஸ்பெரிகள் இந்தப் பக்கம். முதல் வருடத் தடியின் நுனியிலேயே பூக்கிறவை மற்றப் பக்கம்: 1969 இல் நியூயோர்க் மாநிலத்திலிருந்து வெளிவந்த 'ஹெரிடேஜ்', இங்கிலாந்தின் 'ஓட்டம் பிளிஸ்'. பிளாக்பெரியில் இந்தக் குணம் பிந்தித்தான் வந்தது. அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகம் 2004 இல் 'பிரைம் ஜிம்', 'பிரைம் ஜான்' என்ற இரண்டை வெளியிட்டது. முள்ளும் இல்லாமல் முதல் வருடத்திலேயே காய்க்கிற 'பிரைம் ஆர்க் பிரீடம்' அதற்குப் பிறகு வந்தது.

இந்தப் பாகுபாடு எங்களுக்கு ஏன் முக்கியம்? இரண்டாம் வருடத் தடி குளிர்காலத்தைக் கடந்து வரவேண்டும். யாழ்ப்பாணத்தில் கடப்பதற்குக் குளிர்காலமே இல்லை.

குளிர்த்தேவையைத் தோட்டக்காரர் மணித்தியாலத்தில் எண்ணுவார்கள். வழமையான கணக்கு 0 முதல் 7 பாகை செல்சியஸ் வரையான மணித்தியாலங்களைக் கூட்டுவது. கோடை ராஸ்பெரிக்குப் பொதுவாக 800 இற்கு மேல் வேண்டும். பிளாக்பெரிக்கு வர்க்கத்தைப் பொறுத்து ஏறத்தாழ 200 முதல் 900 வரை. 800 மணித்தியாலம் என்பது 33 நாள் இரவு பகலாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதற்குச் சமன். எங்களுக்கு மார்கழி, தை இரவுகளில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அருமை. ஆகவே யாழ்ப்பாணத்தின் மொத்தம் பூச்சியம். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் தை மாத விடியற்காலைகளில் சிலவேளை உறைபனிகூடப் படியும். அங்கே கதை வேறு.

செடி குளிரை எப்படி எண்ணுகிறது என்பதற்கு நல்ல துப்பு பீச் மரத்திலிருந்து கிடைத்தது. மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு பீச் வகை குளிர் வந்தாலும் உறங்குவதே இல்லை. நுனி வளர்ந்துகொண்டே இருக்கும். ஏன் என்று தேடிப் போனபோது, அதன் நிறமூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கவேண்டிய சில மரபணுக்களைக் கொண்ட பகுதி சிதைந்திருந்தது தெரியவந்தது. 'டாம்' என்று சுருக்கிச் சொல்லப்படுகிற அந்த மரபணுக்கள்தான் அரும்பை உறக்கத்தில் வைத்திருக்கின்றன. நீண்ட குளிர் அவற்றின் வேலையைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கும். அது போதியளவு குறைந்த பிறகு வெப்பம் வந்தால் அரும்பு விரியும்.

இந்த இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் குறுக்கே கேட்பார்: "முந்திரிகையும் குளிர்நாட்டுச் செடிதானே, அது இங்க வருசத்தில ரெண்டு தரம் காய்க்குது?" மிகச் சரியான கேள்வி. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் 'இஸ்ரேல் புளூ' என்ற முந்திரிகை (திராட்சை) வர்க்கத்துக்கு என்ன செய்கிறார்கள்? பந்தலில் ஓடிய கொடியை வெட்டி, இலையை உருவி, எருவும் தண்ணீரும் கொடுக்கிறார்கள். புதுத் தளிர் பூங்கொத்தோடேயே வெளியே வரும். நான்கு மாதமளவில் குலை பழுத்துவிடும். குளிர் செய்யவேண்டிய வேலையைக் கத்தி செய்துவிட்டதுபோல் தெரியும். உண்மையில் அரும்புக்கு இரண்டு பூட்டுகள். வெளிப்பூட்டு, நுனியும் இலையும் பக்க அரும்பை அடக்கி வைப்பது. வெட்டி உருவினால் அது திறந்துவிடும். உட்பூட்டு, குளிர் மட்டுமே திறக்கக்கூடிய ஆழ்ந்த உறக்கம். யாழ்ப்பாண வெக்கையில் முந்திரிகை அரும்பு அந்த ஆழத்துக்குப் போவதே இல்லை. அதனால் கத்தி போதும்.

அப்படியென்றால் ராஸ்பெரித் தடியையும் வெட்டி உருவினால் என்ன? தளிர் வரும். ஆனால் அதில் பூ இருக்காது. இதைத்தான் நான் இந்த விடயத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன். முந்திரிகை தன் அரும்புக்குள் பூங்கொத்தின் தொடக்கத்தை உருவாக்குவது நல்ல வெயிலும் 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் கிடைக்கும்போது. கோடை ராஸ்பெரி இதற்கு நேர் எதிர். 'கிளென் அம்பிள்' போன்றவற்றை வெப்பநிலை கட்டுப்படுத்திய அறைகளில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்: 15 பாகையளவில் பகல் குறுகினால் மட்டும் பூவரும்பு உருவாகும்; 18 பாகைக்கு மேலே போனால் பகல் எவ்வளவு குறுகினாலும் உருவாகாது. எங்கள் குளிர்ந்த இரவே அதைவிடச் சூடு. பகல் நீளமும் இங்கே வருடம் முழுக்க ஒரு மணித்தியாலமளவில்தான் கூடிக் குறைகிறது. முந்திரிகையின் அரும்புக்குள் பூ காத்திருக்கிறது. ராஸ்பெரியின் அரும்புக்குள் பூவே இல்லை. இல்லாத பூவைக் கத்தி எங்கிருந்து கொண்டுவரும்?

ஆகவே 'கிளென் அம்பிள்', 'டுலமீன்' இரண்டையும் மறந்துவிடலாம். 'ஹெரிடேஜ்' போன்ற முதல் வருட ராஸ்பெரிகள் குளிருக்காக அவ்வளவு அடம்பிடிப்பதில்லை. தடியில் போதிய கணுக்கள் வந்ததும் நுனியில் பூக்கப் பார்க்கும். ஆனால் ராஸ்பெரி இலை 20 பாகையை ஒட்டி நன்றாக ஒளித்தொகுப்புச் செய்கிற இலை. 30 ஐத் தாண்டிய பகலில் உழைப்பு குறையும். சூடான இரவில் சுவாசம் மிச்சத்தையும் தின்னும். வெயில் நேரே விழுகிற பக்கத்து மணிகள் வெள்ளையாக வெளிறும். காசு கொடுத்து வாங்கி வைக்கத்தக்க செடி என்று நான் சொல்லமாட்டேன்.

பிளாக்பெரிக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. டெக்சசில் 1959 இல் வெளிவந்த 'பிராசோஸ்' குறைந்த குளிரோடு சமாளிப்பது. பிரேசிலின் 'டுப்பி' இன்னும் சுவாரசியம்: மெக்சிக்கோவின் மேட்டுநிலத்தில் அதன் இலையை இரசாயனம் தெளித்து உதிர்த்து, தடியை வெட்டி, வளர்ச்சி ஓமோன் கொடுத்துக் குளிர்காலம் இல்லாமலே ஏற்றுமதிக்குக் காய்க்க வைக்கிறார்கள். முந்திரிகைத் தோட்டத்து உத்தியின் பெரிய அண்ணன். ஆனால் அது மேட்டுநிலம், இரவு குளிரும், எங்களுடையது கடல்மட்டம். முதல் வருடத்தில் காய்க்கிற 'பிரைம்' வரிசைக்கும் பூக்கும் நேரத்துக் கடும் வெப்பம் ஆகாது. பரிசோதித்துப் பார்க்க விரும்புகிறவர், புரட்டாதியில் தடிகளை நிலமட்டத்துக்கு வெட்டி, மாரி மழையோடு புதுத்தடி எழும்பவிட்டு, தை மாசியில் பூக்கும்படி கணக்கிட வேண்டும். எங்கள் வருடத்தில் மழையும் ஓய்ந்து வெக்கையும் ஏறாத இடைவெளி அது ஒன்றுதான்.

குளிரே கேட்காத ராஸ்பெரி ஒன்றும் உண்டு. மைசூர் ராஸ்பெரி, ரூபஸ் நிவியஸ், தெற்காசிய மலைகளுக்கு உரியது. சிவந்து பிறகு கறுக்கும் சிறு பழம், பொல்லாத முள். தெற்குப் புளோரிடாவின் தாழ்நிலத் தோட்டங்களிலேயே காய்க்கிறது. ஆனால் கலாபகஸ் தீவுகளில் இதே செடி பரவி, காட்டை மூடிய பெருந்தொல்லையாகிவிட்டது. எங்கள் மலைநாட்டில் மஞ்சள் ராஸ்பெரியான ரூபஸ் எலிப்டிகஸ் பரவியதும் அதே மாதிரிக் கதை. பழத்தைக் குருவி தின்றால் விதை எங்கே போய் விழும் என்று யார் பார்ப்பது? வைப்பதானால் பூச்சாடியில், வலைக்குள்.

சாடி என்பதற்கு இன்னொரு காரணம் எங்கள் மண். குடாநாட்டுக்கு அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்தான். ரூபஸ் செடிகளுக்குப் பிடித்தது பீஎச் (மண்ணின் அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரையான அமில மண். சுண்ணாம்போ மண்ணைக் காரப் பக்கம் இழுத்து பீஎச்சை ஏற்றும். பீஎச் ஒரு படி ஏறினால் மண்நீரில் கரைந்து நிற்கிற பெரிக் வடிவ இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். வலிகாமத்துச் செம்மண் இரும்பால்தான் சிவந்திருக்கிறது. வேருக்கு அது எட்டாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் அதுதான் வருத்தம். தும்புத்தூளை மழைநீரில் அலசி உப்புப் போக்கி, கொம்போஸ்ட் கலந்து சாடியில் நிரப்பி, பீப்பாவில் பிடித்த மழைநீரையே ஊற்றலாம். பசளைக்கு அமோனியம் சல்பேற்று நல்லது. மண்ணை அமிலப் பக்கம் இழுக்கும்.

பயணப்பையில் தடி கொண்டுவருகிற யோசனையை விட்டுவிடுங்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் செடி கொண்டுவர முடியாது. வெறும் சட்டப்பயமும் இல்லை. ராஸ்பெரியில் ஒரு வைரசு மகரந்தத்தோடேயே பரவும்; தொற்றிய செடி வெளியில் சுகமாகத் தெரியும், பழம் மட்டும் மணி மணியாக உதிரும்.

பிள்ளைகள் வாய் கறுக்கப் பிடுங்கித் தின்னவேண்டும் என்பதுதான் ஆசையென்றால், மல்பெரி நடுங்கள். பார்வைக்கு நீட்டு பிளாக்பெரி, உறவு இல்லை. அது பலாவின் குடும்பம். ஒரு பூவின் பல சூலகங்கள் அல்ல, பல பூக்கள் சேர்ந்து ஒரு பழமாவது. குளிர் வேண்டாம், சுண்ணாம்பு மண்ணையும் பொறுக்கும், தேனீகூடத் தேவையில்லை. முந்திரிகைக்குச் செய்வதுபோல் கொப்பை வெட்டி இலையை உருவினால் புதுத்தளிரோடேயே காய் வரும். சீமெந்துத் தரைக்குப் பக்கத்தில் மட்டும் நடவேண்டாம். அந்தக் கறை என்ன உரஞ்சினாலும் இலேசில் போகாது.