காலி செய்தல்: சொல் விளக்கம்

"வீட்டை எப்போ காலி பண்றீங்க?" வாடகைக்கு இருக்கும் எவருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும் கேள்வி. இந்தக் 'காலி' அரபியில் பிறந்தது. வெறுமையானது என்று பொருள். உருது வழியாக வந்து காலிமனை, காலிப்பணியிடம் என்று இங்கேயே தங்கிவிட்டது. கன்றுகாலியில் வரும் காலி வேறு. அது மாட்டைக் குறிக்கும் தமிழ்ச்சொல்.

நீதிமன்ற மனுக்களில் 'காலி செய்து சுவாதீனம் ஒப்படைக்க' என்று எழுதுவார்கள். சுவாதீனம் வடசொல், தன் வசம் இருப்பது. பூட்டிய வீட்டுக்குள் பீரோவும் கட்டிலும் கிடக்க, ஆள் மட்டும் போய்விட்டால் சுவாதீனம் வந்ததாகாது. பொருள்களை எடுத்து, சாவியும் கைமாற வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒழித்தல். 'கொசு ஒழிப்பு' என்று கேட்டுக் கேட்டு, அழிப்பது என்ற பொருள்தான் இன்று முன்னால் நிற்கிறது. ஆனால் என் பாட்டி, "குழம்புப் பாத்திரத்தை ஒழிச்சுப் போடு" என்பார். மிச்சக் குழம்பைக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, பாத்திரத்தைத் தேய்க்கப் போட வேண்டும். வீட்டுக்கும் அதே சொல்தான்: 'வீட்டை ஒழித்துக் கொடுத்தார்'.

இன்னொரு பழைய சொல் குடியெழுப்புதல். குடியிருப்பவரை எழுப்பி வெளியே அனுப்புவது. சட்டத் தமிழில் இதை வெளியேற்றம் என்கிறார்கள்.

நமக்கு இரண்டு சொல்லும் வேண்டும். ஒழித்துக் கொடுப்பது குடியிருப்பவர் தானே செய்வது; குடியெழுப்புவது அவருக்குச் செய்யப்படுவது. 'காலி' இரண்டையும் ஒன்றாக்கி மழுப்பிவிடுகிறது.

சட்டம் குடியிருப்பவருக்குக் காவல் நிற்பது குடியெழுப்புதலுக்கு எதிராகத்தான். தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வேண்டுமென்றே வாடகை தராதது, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விட்டது, வீட்டுக்காரருக்கே வீடு தேவைப்படுவது என்று ஏதாவது ஒரு காரணத்தை நிரூபித்தால்தான் ஆளை எழுப்ப முடிந்தது. அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் போடாததையும் ஒரு காரணமாகச் சேர்த்தது. அப்போதும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்குவதற்கு அதில் தனியாகவே தடை உண்டு.

ஆக, குழாயை மூடிவிட்டு, பத்தாம் நாள் குழந்தைகளோடு குடியிருந்தவர்கள் சாமான் ஏற்றிப் போனதும், "அவங்களே காலி பண்ணிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், அங்கே நடந்தது ஒழித்துக் கொடுத்தது அல்ல. குடியெழுப்பியது.