ஈறுப் புண்ணில் மூலிகை ஜெல் தடவும் முன்

ஈறில் புண் என்று பல் மருத்துவரான என்னிடம் வருபவர்களில் பலர், அதற்கு முன்பே வீட்டில் எதையாவது தடவிப் பார்த்திருப்பார்கள். அண்மையில் வந்த ஒருவரின் கீழ் ஈறில், புண்ணைச் சுற்றி வெந்த தோல் போல வெள்ளைப் படலம் படிந்திருந்தது. பஞ்சால் ஒற்றியதும் அது உரிந்து வந்தது. கிராம்பு எண்ணெயை எதிலும் கலக்காமல் பஞ்சில் நனைத்து, இரவு முழுவதும் அங்கே ஒதுக்கி வைத்திருந்ததாகச் சொன்னார். கிராம்பிலுள்ள யூஜெனால் வலியை மரக்கச் செய்யும். செறிவு மிகுந்தால் திசுவையே பொசுக்கிவிடும்.

கற்றாழை அவ்வளவு கடுமையானதன்று. ஆயினும் மடலை ஒடித்ததும் தோலுக்கடியிலிருந்து வடியும் மஞ்சள் பாலும், உள்ளிருக்கும் நிறமற்ற சோறும் ஒன்றல்ல. பாலிலுள்ள அலாயின் எரிச்சல் தரும், விழுங்கினால் பேதியாகும். சோற்றிலுள்ள அசிமன்னான் என்னும் கூட்டுச் சர்க்கரைக்கே புண்ணாற்றும் குணம் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆனால் வாயில் உமிழ்நீர் ஓயாமல் ஊறுவதால், வெறும் சோற்றைத் தடவினால் சில நிமிடங்களில் அது கரைந்து வயிற்றுக்குள் போய்விடும். இதற்காகவே கற்றாழை, மஞ்சள் முதலியவற்றின் சாரத்தோடு, ஈரத் திசுவில் பற்றி நிற்கும் பசைப்பொருளையும் சேர்த்து, வாய்க்கென்றே ஜெல் தயாரிக்கிறார்கள். (முகத்துக்குப் பூசும் கற்றாழை ஜெல்லில் மணமூட்டிகள் இருக்கும், அது வாய்க்கு ஆகாது.) உணவுக்குப் பின் வாயைக் கொப்பளித்து, புண்ணின் ஈரத்தைத் தூய துணியால் ஒற்றியெடுத்து, மெல்லிய படலமாகத் தடவி, அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருந்தால்தான் அது நிலைக்கும்.

பல் பிடுங்கிய குழிக்குள் மட்டும் நீங்களாக எதையும் வைக்க வேண்டாம். அங்கே உறைந்திருக்கும் இரத்தக்கட்டியின் மேல்தான் புதுத் திசு வளர வேண்டும். விரல் பட்டு அது பெயர்ந்தால், எலும்பு வெளித்தெரிந்து தாங்க முடியாத வலி தொடங்கும். பல் துலக்கும்போதெல்லாம் இரத்தம் கசியும் ஈறுக்கும் ஜெல் மருந்தாகாது. பெரும்பாலும் பல்லடியில் படிந்த காரைதான் அதற்குக் காரணம். அதைச் சுரண்டி எடுக்காத வரை வீக்கம் தணியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் புண் ஆறத் தாமதமாகும் என்பதால், சர்க்கரை அளவையும் உடன் பார்த்தாக வேண்டும்.

சாதாரண வாய்ப்புண் ஏழு முதல் பதினான்கு நாள்களில் தானே ஆறிவிடும். இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண்ணில், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவர்கள், ஜெல்லை மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருப்பதை நான் மிகவும் அஞ்சுகிறேன். வலிக்கவில்லை என்பதும் ஆறுதலுக்குரியதன்று, ஏனெனில் புற்றுநோய்ப் புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அங்கே தேவைப்படுவது திசுப் பரிசோதனை.

கிராம்பு எண்ணெய் வைத்தவருக்கு உடைந்த பல்லின் கூர்விளிம்பு ஈறில் உரசிக்கொண்டிருந்தது. அதைத் தேய்த்து மழுக்கி, எண்ணெயை நிறுத்தச் சொன்னேன். ஜெல் எதுவும் எழுதித் தரவில்லை. பத்தாம் நாள் வந்தபோது புண் இருந்த இடம் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது.