டெவில்ஸ் லேக் எரிமலை வாய் அல்ல

மறுபடியும் ஒரு காணொளி சுற்றுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஏரியைச் சுற்றியுள்ள டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்கா. "இது அணைந்துபோன எரிமலையின் வாய், அடியே கிடையாது" என்று கரையில் நின்று ஒருவர் விளக்குகிறார். பின்னணியில் இரண்டு பிள்ளைகள் கற்சரிவில் தாவித் தாவி ஏறுகிறார்கள். அவர் சொல்வது தவறு, பிள்ளைகள் செய்வது ஆபத்து. அந்த இடம் எப்படி உண்டானது என்று தெரிந்திருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

முதலில் ஆழம். அளந்தாயிற்று, பலமுறை. அதிகபட்சம் சுமார் 47 அடி. அடியே கிடையாது என்ற கதை அதோடு முடிந்தது.

அடுத்து பாறை. இருபுறமும் 500 அடி உயரம் நிற்கும் செம்மை கலந்த ஊதாநிறச் சுவர்கள் குவார்ட்சைட். அதாவது, மணல். 160 கோடி ஆண்டுகளுக்கும் முன் நீரடியில் படிந்து, புதைந்து, இறுகிய மணல். நம்பாதவர்கள் பாறை முகத்தைப் பாருங்கள்: ஆழமற்ற நீர் மணலில் போடும் அலைவரிகள் அப்படியே இருக்கின்றன. எரிமலைக் குழம்பில் அலைவரி விழாது. சிவப்பைக் கண்டு 'வெந்த கல்' என்கிறார்கள். அது இரும்புத் துரு. இந்தக் குன்றுத்தொடரில் குவார்ட்சைட்டுக்கு அடியில் ரையோலைட் என்ற எரிமலைப் பாறை இருப்பது உண்மைதான். ஆனால் அது குவார்ட்சைட்டைவிடப் பழையது. ஏரிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஏரியை உண்டாக்கியது பனி. பழைய ஆறு ஒன்று குன்றை அறுத்துப் பள்ளத்தாக்கு ஆக்கியிருந்தது. கடைசிப் பனியுகத்தில் கிழக்கிலிருந்து வந்த பனிப்பாளம் அதன் வடமுனையிலும் தென்கிழக்கு முனையிலும் மண்ணையும் கல்லையும் கொட்டிவிட்டுப் பின்வாங்கியது. இரு பக்கமும் மடையடைத்த வாய்க்கால், அவ்வளவுதான். முன்பு இவ்வழியே ஓடிய விஸ்கான்சின் ஆறு இன்று குன்றைக் கிழக்கே சுற்றிக்கொண்டு போகிறது.

மடையடைத்த நீருக்கு மேற்பரப்பில் இயற்கையான போக்கிடம் இல்லை. கரையோர விடுதிகளும் மேற்புற வயல்களும் அனுப்பிய, பாசியை வளர்க்கும் பாஸ்பரஸ் அடியிலேயே தங்கிவிட்டது. அதை உறிஞ்சி வெளியேற்ற 2002இல் சுமார் 5,500 அடி நீளக் குழாய் போட வேண்டியிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வாத்துகளுக்கு ரொட்டி வீசுகிறார்கள்! தயவுசெய்து வேண்டாம். குளித்தபின் தோலில் வரும் அரிப்புக்குக் காரணமான ஒட்டுண்ணி நீர்ப்பறவைக்கும் நத்தைக்கும் இடையே சுற்றுவது. பறவைகளைக் கரைக்கு அழைத்தால் அதையும் சேர்த்தே அழைக்கிறீர்கள். கரையோரப் பாசியில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள். நீரை விட்டு ஏறியதும் ஈரம் உலரக் காத்திராமல் துண்டால் அழுத்தித் துடையுங்கள். அரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. உயிர்காப்பாளர் கிடையாது, நீந்தத் தெரியாதவருக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

கற்சரிவுக்கு வருவோம். உறைபனி பிளந்து தள்ளிய கற்கள் அவை. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றனவே தவிர ஒட்டி நிற்கவில்லை. குவார்ட்சைட் உடைந்தால் விளிம்பு கத்தி. நனைந்தால் கண்ணாடி. செருப்போடு வருகிறவர்களுக்கு வேறென்ன சொல்ல? பேலன்ஸ்டு ராக் பாதையில் ஏறுங்கள், அதே வழியில் இறங்காதீர்கள். முழங்கால் நடுங்கும்போதுதான் கால் சறுக்கும். மேலே விளிம்புகளில் பெரும்பாலும் கம்பிவேலி இல்லை. வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் வந்திருந்தால் மேற்குக் கரையின் டம்பிள்டு ராக்ஸ் பாதை போதும்: தார் போட்டது, சரிவின் அடியிலேயே போகிறது, காட்சிக்குக் குறைவில்லை.

மனிதர்கள் விட்டுச்சென்றதும் காலடியில்தான் இருக்கிறது. வடகரையிலும் தென்கரையிலும் புல் மூடிய தாழ்ந்த மேடுகளைக் காண்பீர்கள். பறவை, கரடி போன்ற உருவங்களில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கட்டப்பட்டவை. இப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு அவை முன்னோர் இடம்; இத்தகைய மேடுகள் பலவற்றில் மனிதர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்க அரசுடனான 1837 ஒப்பந்தத்தின் பேரில் அம்மக்களின் நிலம் பறிபோனது. பலமுறை துரத்தியும் திரும்பத் திரும்ப வந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அங்கே பாய் விரித்துப் புளியோதரைப் பொட்டலம் பிரிக்காதீர்கள். நம் ஊரில் சமாதிமேல் உட்கார்ந்து சாப்பிடுவோமா?

1873இல் வந்த ரயில் பாதை கிழக்குக் கரையை ஒட்டியது. அதில் சரக்கு ரயில் இன்றும் ஓடுகிறது. தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பதை விடுங்கள். பூங்கா 1911இல் அமைந்தது. உங்கள் கால் பதியும் கற்படிகள் பலவற்றை 1930களின் பஞ்சகாலத்தில் அரசு வேலைத்திட்ட இளைஞர்கள் கையால் அடுக்கினார்கள். அந்தக் கல்லைப் பெயர்த்துக் கோபுரம் கட்டிப் படம் போடுவது கலை அல்ல, அடுத்து வருகிறவரின் கணுக்காலுக்கு வைக்கும் பொறி.

வீடு திரும்பியதும் உண்ணி பாருங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடி. கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு, வாஸ்லின் எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ வட்டமான சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் காட்டிற்குப் போனதைச் சொல்லுங்கள்.