வாங்கும் விலை இறங்கும், உதிரி பாகத்தின் விலை இறங்காது

சொகுசு கார்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். வாங்குவதற்கு முன்னால் வந்து விசாரிப்பவர்களைவிட, வாங்கிவிட்டு முழித்துக்கொண்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். ஏழெட்டு வருடம் ஓடிய ஒரு பெரிய கார், புதிய சின்ன கார் விலைக்குக் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் இறங்கியது காரின் விலை மட்டும்தான். அதன் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் சென்சாரும் அந்தக் கார் புதிதாக ஷோரூமில் நின்ற நாளில் என்ன விலையோ, ஏறக்குறைய அதே விலைதான் இன்றும், சிலது கூடியும் இருக்கும். நீங்கள் கொடுத்த விலையை வைத்துப் பராமரிப்புச் செலவைக் கணக்குப் போடாதீர்கள், அந்தக் காரின் புது விலையை வைத்துப் போடுங்கள்.

ஒருவர் வந்தார். "காலையில் பார்த்தா முன்பக்கம் ஒரு ஓரம் படுத்திருக்கு அண்ணே, ஸ்டார்ட் பண்ணினா ஒரு நிமிஷத்துல எழுந்துடுது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். நாலைந்து மாதமாக. ஏர் சஸ்பென்ஷன் கார் அது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பைதான் காரைத் தாங்கும். சோப்புத் தண்ணீரை அடித்துப் பார்த்தேன். ரப்பர் மடிகிற இடத்தில் மெல்லிய வெடிப்பு, அதிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. அந்தக் கசிவை ஈடுகட்ட, பைக்குள் காற்றை அடைக்கும் கம்ப்ரஸர் தினமும் மாங்கு மாங்கென்று ஓடியிருக்கிறது, அது நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. நாலு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் ஒரு பையோடு போயிருக்கும், இப்போது கம்ப்ரஸரும் சேர்ந்து எரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது, யாருமே அவருக்கு இதைச் சொல்லவில்லை.

அப்புறம் கியர்பாக்ஸ் ஆயில். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்று பல கார் கம்பெனிகள் சொல்கின்றன. யாருடைய ஆயுள்? பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் என்று பல கார்களில் இருக்கும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெரும்பாலும் ஃபில்டரும் ஆயில் தேங்கும் அடிச்சட்டியும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருப்பதால் சட்டியையே மாற்ற வேண்டும், ஆகவே செலவு வலிக்கும். கியர்பாக்ஸே போனால் வரும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் போகும் பாதையில் உள்ள பிளாஸ்டிக் குழாய்களும் அப்படித்தான். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து, கழற்றும்போது விரலிலேயே பொடிந்துபோன குழாய்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சாலையில் உடைந்தால் என்ஜின் சூடேறி, அதன் மேல்பாகத்துக்கு அடியில் சீலாக இருக்கும் ஹெட் கேஸ்கட் வரை பழுதாகும், அதனால் பழைய கார் வாங்கிய உடனே அந்தக் குழாய்களைச் சோதித்து, தேவைப்பட்டதை மாற்றிவிடச் சொல்வேன்.

எந்த பிராண்ட் நம்பகமானது என்று கேட்பார்கள். லெக்சஸ் பொதுவாகக் குறைவாகத் தொல்லை தரும், டொயோட்டாவில் பல வருடம் ஓடிப் பழகிய பாகங்கள் அதில் நிறைய. ஆனால் பிராண்டைவிட எந்த என்ஜின் என்பதுதான் முக்கியம். பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் என்ஜினில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலியான டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்து மாற்ற வேண்டி வந்தால் பெரும்பாலும் என்ஜினையே இறக்கியாக வேண்டும். செயினைவிடக் கூலிதான் பெரிதாகப் போகும். அதே கம்பெனியின் இன்னொரு என்ஜினுக்கு இந்தத் தலைவலியே இருக்காது.

சின்ன விஷயங்களும் உண்டு. பல கார்களில் புது பேட்டரி போட்டால் ஸ்கேனர் மூலம் காரின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். ரன்-ஃபிளாட் டயர் உள்ள கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சரானால் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் போகலாம், அதற்குள் டயரைப் பார்த்தாக வேண்டும்.

சரி, இவ்வளவுக்கும் பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையில் போட்டுவிடாதீர்கள். முதல் வருட வேலைகளுக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். சர்வீஸ் ரெக்கார்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஸ்கேன் செய்யுங்கள், விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். பார்க்கப் போகும் முன்னால் "ராத்திரி நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கட்டும், நான் வந்து ஸ்டார்ட் பண்ணிக்கிறேன்" என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ந்திருந்தால் காரைச் சுற்றி வந்து, நாலு டயருக்கும் மேலே உள்ள இடைவெளியை விரலால் அளந்துவிட்டு, அதன் பிறகு சாவியைக் கையில் வாங்குங்கள்.