22 அடிக்கு மேல் மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்காது?

பங்குனி, சித்திரையில் பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கத்துத் தோட்டங்களில் கிணற்று நீர் இறங்க இறங்க ஒரே புகார்தான் கேட்கும்: "மோட்டார் நல்லா ஓடுதுங்க, தண்ணிதான் ஏற மாட்டேங்குது." உடனே 5 எச்பியைக் கழற்றிவிட்டு 7.5 எச்பி வாங்கிப் பூட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. புது மோட்டாரிலும் தண்ணீர் வராது. 50 எச்பி வைத்தாலும் வராது. கடன் வாங்கிப் போட்ட பணம் கண்ணெதிரே வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பதால்தான் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்று மட்டத்திலிருந்து மோட்டாரின் வாய் வரைக்கும் தண்ணீரை ஏற்றிக் கொடுப்பது மோட்டார் இல்லை. கிணற்று நீரின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று.

காற்றுக்கு எடை உண்டு என்று பள்ளியில் படித்ததை நாம் யாரும் மனதார நம்புவதில்லை. 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு மோட்டார் ரூமை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி வெயிலில், கோவையின் உயரத்தில், அந்த அறைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 31 கிலோ. ஒரு சிப்பம் அரிசியைவிட அதிகம். அந்த அறைக்கு மேலே வானம் வரைக்கும் இதேபோல் அடுக்கிக்கொண்டே போனால், கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் விழும் பாரம் கடற்கரையில் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கடல் மட்டத்திலிருந்து 410 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் சுமார் 985 கிராம்.

மோட்டார் ஓடும்போது உள்ளே இம்பெல்லர் என்ற சுழல்சக்கரம் தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு வீசுகிறது. நடுவில் அழுத்தம் குறைகிறது. அவ்வளவுதான் மோட்டாரின் பங்கு. அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்குக் கிணற்றுக் காற்று தண்ணீரைக் கீழிருந்து தள்ளிவிடுகிறது. உறிஞ்சுகுழல் போட்டு இளநீர் குடிக்கும்போது வாய்க்குள் நடப்பதும் இதுவே. குழாய்க்குள் ஒரு துளி காற்றுகூட இல்லாமல் வெறுமையாக்கினாலும், 985 கிராம் பாரத்தால் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் 9.85 மீட்டர், அதாவது 32 அடி. அதற்கு மேல் ஒரு விரற்கடை ஏறாது.

அந்தக் காலத்தில் மாடு கட்டி இறைத்த கவலை ஏற்றத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 60 அடிக் கிணற்றிலிருந்தும் மாடு இறைத்தது. சால் என்ற நீர்வாளியைத் தூக்கியது மாட்டின் பலம் என்பதால் காற்றின் எடைக்கு அங்கே வேலையே இல்லை. பம்பு வந்த பிறகுதான் இந்த வரம்பு மனிதனுக்குத் தெரிய வந்தது. இத்தாலியில் பம்புகள் அந்த ஊர் அளவில் 18 முழத்துக்கு, அதாவது சுமார் 34 அடிக்கு மேல் இறைப்பதில்லை என்பதை 1638ல் கலிலியோ எழுதினார். நீர்த்தூண் தன் பாரம் தாங்காமல் தானே அறுந்துவிடுகிறது என்று அவர் நினைத்தார். அவரோடு பழகிய டாரிசெல்லி, தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை வைத்துப் பார்த்தார். தூண் 76 சென்டிமீட்டரில் நின்றது. தாங்கி நிற்பது வெளிக்காற்று என்பது அதில் தெளிவானது.

32 அடி என்பது காகிதக் கணக்கு. தோட்டத்தில் கிடைப்பது 22 அடி. நடுவில் போகிற 10 அடி எங்கே போகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் அதில் கால்வாசி நம் கையில் இருக்கிறது.

30 டிகிரித் தண்ணீர் தன் ஆவியால் திருப்பித் தள்ளுகிறது, அதற்கு 0.43 மீட்டர் போய்விடும். இம்பெல்லரின் வாயில் தண்ணீர் வேகமெடுத்துத் திரும்புவதற்குச் மோட்டாரும் பம்பும் ஒன்றாக இணைந்த சிறிய மோனோபிளாக்கில் சுமார் 2 மீட்டர் கையிருப்பு வேண்டும். இந்த இரண்டிலும் நாம் கை வைக்க முடியாது. மிச்சமிருப்பது, கிணற்றிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் குழாயிலும் அதன் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்விலும் ஏற்படும் உராய்வு. வினாடிக்கு 10 லிட்டர் எடுக்கும் பம்புக்கு 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் போட்டால், 8 மீட்டர் நீளத்துக்கு வால்வையும் சேர்த்து 0.8 மீட்டர் அளவில்தான் இழப்பு. 9.85லிருந்து எல்லாம் கழித்தால் 6.6 மீட்டர் நிற்கும். அதுதான் 22 அடி. விலை குறைவு என்று அதே இடத்தில் 65 மில்லி போட்டால் இழப்பு 2 மீட்டரைத் தாண்டும், 17 அடிக்கே பம்பு திணறும். உராய்வு, குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். விட்டத்தில் சிறிய வித்தியாசம், உராய்வில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பம்பிலிருந்து வெளியே போகும் டெலிவரி குழாயில் கஞ்சம் பிடித்தால் மின்சாரம்தான் வீண். சக்‌ஷனில் கஞ்சம் பிடித்தால் தண்ணீரே வராது. பம்பின் வாயைவிட ஒரு அளவு பெரிய குழாயைச் சக்‌ஷனுக்குப் போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள்.

ஊட்டியில் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் பாரம் தாங்கும் நீர்த்தூண் 7.9 மீட்டர்தான். கோவையில் 22 அடிக்கு எடுத்த அதே பம்பு அங்கே 16 அடிக்கே நின்றுவிடும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலை ஏற ஏற உப்புவதும், ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

அடுத்து, தண்ணீர் ஊற்றாமல் மோட்டார் ஏன் எடுக்காது என்ற கேள்வி. 30 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் பம்பு, உள்ளே எது இருக்கிறதோ அதையே 30 மீட்டருக்குத் தள்ளும். உள்ளே இருப்பது காற்று என்றால் அது உண்டாக்குவது 30 மீட்டர் காற்றுத்தூணின் அழுத்தம். காற்று தண்ணீரைவிட ஏறத்தாழ 900 மடங்கு லேசு. ஆகவே சக்‌ஷன் குழாயில் தண்ணீர் 3 சென்டிமீட்டர் ஏறி அப்படியே நின்றுவிடும், மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் சரி. அதனால்தான் பம்பின் தலையில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, குமிழி வருவது நின்று தெளிந்த தண்ணீர் வழியும் வரை ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்றக் குறைந்துகொண்டே போனால் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை என்று பொருள். சாணியைக் கரைத்து ஊற்றும் பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது: சாணியின் நார் கீழே இறங்கும் நீரோடு போய் வால்வின் சந்தில் சிக்கி அடைக்கும். ஆனால் அது ஒரு நாள் வைத்தியம். தோலோ ரப்பரோ தேய்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

பிட்டர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும். கிணற்றிலிருந்து பம்பு வரை சக்‌ஷன் குழாய் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். பெரிய குழாயைப் பம்பின் சின்ன வாயோடு சேர்க்கும் ரெட்யூசரிலும் மேல்பக்கம் மட்டமாக, கீழ்ப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மேலே ஒரு காற்றுப்பை உருவாகும். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுகூட, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல், அழுத்தம் குறைந்த இடத்தில் வெளிவந்து அந்தப் பைக்குள் சேரும். காலையில் நன்றாக எடுத்த மோட்டார் மத்தியானம் விட்டுவிடுவதற்கு இது ஒரு காரணம். ஃபுட் வால்வு தரையிலிருந்து ஒன்றரை அடி மேலே, நீர்மட்டத்துக்கு இரண்டு மூன்று அடி கீழே இருக்கட்டும். அதற்கும் மேலே தூக்கினால் நீர்மட்டத்தில் சுழி விழுந்து, அந்தச் சுழி வழியாகவே காற்று உள்ளே போகும்.

"மோட்டார் காத்து இழுக்குது" என்று தெரிந்தும் எந்த ஜாயிண்டில் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். சக்‌ஷன் குழாயில் ஓட்டை இருந்தால், ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே கசியாது. உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே அதிகம். காற்று சத்தமில்லாமல் நுழையும். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஃபுட் வால்வு பிடித்திருந்து, டெலிவரி குழாய் நிறைந்து மேலே நின்றால், அந்தத் தண்ணீரின் பாரம் இப்போது சக்‌ஷன் குழாய்க்குள் இறங்கும். ஓடும்போது காற்றை உள்வாங்கிய அதே சந்து இப்போது சொட்டுச் சொட்டாக வடியும். அங்கே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். அப்படியும் சிக்கவில்லை என்றால், மோட்டார் ஓடும்போது சோப்பு நுரையை ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவுங்கள். ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்ளே போய் மறையும். சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்ட் கயிறு உள்ள பம்பில் அதையும் பார்க்க வேண்டும். அங்கே நிமிடத்துக்குச் சில சொட்டுகள் வடிவது நல்லது. முழுக்கக் காய்ந்திருந்தால் காற்று போகும் வழி பெரும்பாலும் அதுதான்.

வாக்குவம் கேஜ் ஒன்று சக்‌ஷனில் பூட்டினால் ஊகம் தேவைப்படாது. ஒரு மீட்டர் நீருக்கு 74 மில்லிமீட்டர் பாதரசம். தண்ணீர் 5 மீட்டர் கீழே இருக்கும்போது முள் 370ஐக் கொஞ்சம் தாண்டி நிற்க வேண்டும். 550 காட்டினால் எங்கோ அடைப்பு அல்லது குழாய் சிறிது. 200க்கு இறங்கி ஆடினால் காற்று நுழைகிறது.

இன்னொரு கோளாறு காற்றுக்கோளாறு போலவே ஏமாற்றும். பம்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு அலசுவதுபோல் சத்தம் வரும், ஆனால் டெலிவரியில் விழும் தண்ணீரில் வெள்ளை நுரை இருக்காது. இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மிகவும் இறங்கி, 30 டிகிரித் தண்ணீரே அங்கே கொதித்துக் குமிழியாகிறது. அடுத்த கணம் அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் குமிழி சட்டென்று நசுங்கி, உலோகத்தில் ஊசியால் குத்தியதுபோல் பள்ளம் போடும். ஒரு பருவத்திலேயே இம்பெல்லர் அரித்த இலை போலாகிவிடும். டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். நீரின் அளவு குறைந்தால் சத்தமும் குறையும். அது இப்போதைக்கு. மோட்டாரைக் கிணற்றுக்குள் கீழே இறக்குவதுதான் தீர்வு. மழை வந்து நீர் ஏறினால் மோட்டார் முழுகும் என்ற பயத்தால்தான் பலரும் நீர்மூழ்கிப் பம்புக்கு மாறினார்கள். அது அடியிலிருந்து தள்ளுவதால் 32 அடி வரம்பு அதைத் தொடாது.

கொங்குப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஓடும் கம்ப்ரசர் இதே காற்றை வேறு விதமாக வேலை வாங்குகிறது. சின்னக் குழாய் வழியாகக் காற்று கீழே போய், தண்ணீர்க் குழாயின் அடியில் குமிழியாகக் கலக்கிறது. 300 அடி போரில் நீர்மட்டம் 150 அடியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 150 அடி கெட்டித் தண்ணீர். குழாய்க்குள் பாதி காற்று, பாதி தண்ணீர். 300 அடிக் கலவையின் எடை 150 அடித் தண்ணீரின் எடைதான். வெளித் தண்ணீர் அதைத் தராசுபோல் தூக்கிவிடுகிறது. நீர்மட்டம் 200 அடிக்கு இறங்கினால் கலவையில் மூன்றில் இரண்டு பங்கு காற்றாக வேண்டும். குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்சும். மின்சாரம் நிறையச் சாப்பிடும் முறைதான். ஆனாலும் மணல் வரும் போருக்கும், ஊற்று குறைந்த போருக்கும் இது கைகொடுக்கிறது, கீழே தேய்வதற்கு எதுவும் இல்லை.

கம்ப்ரசரின் கேஜ், போருக்குள் இறங்கிப் பார்க்கும் கண் மாதிரி. ஸ்டார்ட் செய்ததும் முள் ஏறி, முதல் தண்ணீர் வருவதற்கு முன் ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கும். அந்த உச்சத்தை 33ஆல் பெருக்கினால், காற்று வெளியேறும் இடத்துக்கு மேலே எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று கிடைக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 4.6 கிலோ என்றால் 150 அடி. அடுத்த கோடையில் அதே உச்சம் 3.6 ஆனால் தண்ணீர் 33 அடி இறங்கிவிட்டது. சுவரில் தேதியோடு எழுதி வைப்பவருக்கு எந்தச் செலவும் இல்லை.

கம்ப்ரசர் தலை ஏன் கொதிக்கிறது என்றால், 30 டிகிரிக் காற்றை இந்த அழுத்தத்துக்குச் சூடு வெளியேறாமல் ஒரே தம்மில் அமுக்கினால் 200 டிகிரியைத் தாண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதும் இதனால்தான். சிலிண்டரின் மேல் உள்ள விசிறிமடிப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் அந்தச் சூடு வெளியேறாது, வால்வுத் தகடு கருகும். டாங்க் உள்ள கம்ப்ரசரில் அடியில் கூடும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். அது ஆறிய காற்றிலிருந்து பிரிந்த ஈரம்.

கடைசியாக வயலுக்குப் போகும் குழாய். குழாய் ஒரு மேட்டைத் தாண்டிப் பள்ளத்துத் தோட்டத்துக்கு இறங்குகிறது என்றால், மும்முனை மின்சாரம் நின்றதும் மேட்டுக்கு அப்பால் உள்ள தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இந்தப் பக்கம் வால்வு பிடித்து நிற்கும். மேட்டில் வெறுமை உண்டாகும். 75 மில்லி பிவிசி குழாயின் ஒரு மீட்டர் நீளத்தை அப்போது வெளிக்காற்று 700 கிலோவுக்கும் மேலான பாரத்தோடு அமுக்குகிறது. மெல்லிய குழாய், அதுவும் வெயிலில் கிடந்து இளகிய குழாய், சப்பட்டையாகிவிடும். மேட்டின் உச்சியில் ஒரு ஏர் வால்வோ, செங்குத்தாக ஒரு திறந்த குழாயோ வைத்தால் நின்றதும் காற்று உள்ளே வரும், ஓடத் தொடங்கியதும் தங்கிய காற்று வெளியே போகும். திறந்த குழாயின் உயரத்தை அளக்க எளிய வழி: எல்லா வாயையும் வழக்கம்போல் திறந்து மோட்டாரை ஓடவிட்டு, வழிவது நிற்கும் வரை துண்டு துண்டாகக் குழாயைக் கூட்டுங்கள், அதற்கு மேல் இரண்டு அடி விட்டு, வாயைக் கீழ்நோக்கி வளைத்துவிடுங்கள், குளவி கூடு கட்டாமல் இருக்க வலைத் துணி ஒன்று கட்டிவிட்டு.